கோபுரக் கலசம்: செம்பா, பொன்முலாமா, பித்தளையா, கல்லா?

குடமுழுக்குக்கு நாள் குறித்த பிறகு திருப்பணிக் குழுவில் கடைசியாகக் கிளம்பும் வாக்குவாதம் பெரும்பாலும் கலசத்தைப் பற்றியதுதான். சுதை வேலை முடிந்திருக்கும். வண்ணம் பூசுகிறவர்கள் சாரத்தில் இருப்பார்கள். யாகசாலைப் பந்தலுக்குப் பேசி முன்பணமும் கொடுத்தாகியிருக்கும். அப்போதுதான் ஓர் உபயதாரர், “கலசத்துக்குத் தங்கமுலாம் போட்டுடுங்க, செலவு என்னோடது” என்பார். “காலங்காலமா செம்புதானே, அதுவே இருக்கட்டும்” என்பார் ஊர்ப் பெரியவர் ஒருவர். கருக்கவே கருக்காத ஸ்டீல் கலசம் வந்திருக்கிறது என்று இன்னொருவர் கைப்பேசியில் படம் காட்டுவார்.

இந்த இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கும் குழுக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலசத்தில் மின்னும் மேற்பூச்சைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது அதன் தகட்டுத் தடிமனுக்கும், உள்ளே நிற்கும் தண்டுக்கும், இணைப்புகளுக்கும் கொடுக்க வேண்டும். கோபுரத்தில் ஏற்றிய மறுநாளே சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். அப்புறம் 12 ஆண்டுக்கு அதை யாரும் தொடப்போவதில்லை. கைக்கு எட்டாத இடத்தில், வெயிலிலும் மழையிலும் பறவை எச்சத்திலும் தன்னந்தனியாக நிற்க வேண்டிய பொருள் அது.

எதை வைத்து அளப்பது

முதலில் கட்டட வடிவம். கருவறை விமானத்தின் சிகரம் சதுரமாகவோ எண்பட்டையாகவோ வட்டமாகவோ இருந்தால் உச்சியில் ஒரே கலசம். கோபுரத்தின் தலை வண்டிக்கூடு போல நீண்டிருப்பதால் அங்கே வரிசையாக நிற்கும். 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில் வைப்பதே வழக்கம். திருவரங்கத்தில் 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு கண்ட 236 அடி ராஜகோபுரத்துக்கு 13 நிலை, 13 கலசம். அதே ஊரில் கருவறை மேலுள்ள பிரணவாகார விமானத்தில் நான்கு வேதங்களைக் குறிக்கும் 4 கலசங்கள் இருக்கின்றன. ஆக எண்ணிக்கையை உபயதாரர் வசதியோ கடைக்காரர் சலுகையோ முடிவு செய்யக்கூடாது, ஸ்தபதிதான் சொல்ல வேண்டும். விமானத்துக்கு ஒன்று வாங்குவதும் கோபுரத்துக்கு ஏழு வாங்குவதும் செலவில் ஒரே கணக்கல்ல என்பதால் இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, 12 ஆண்டு பராமரிப்பு இல்லாமல் தாங்குமா என்பது. மூன்றாவது, கடல் எவ்வளவு தூரம். ராமேசுவரம், திருச்செந்தூர், நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்று ஊர்களில் நடக்கும் அரிப்புக்கும் கரூரிலோ சேலத்திலோ நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை. நான்காவது, எடை: பழைய செங்கல் கோபுரத்தின் உச்சி எவ்வளவு பாரம் ஏற்கும் என்பதைப் பார்க்க வேண்டும். ஐந்தாவது, திருட்டு. கடைசியாகப் பணம். வாங்கும்போது கொடுப்பது மட்டுமல்ல, நடுவில் பழுது வந்தால் கலசத்துக்காக மட்டும் மறுபடி சாரம் கட்ட ஆகும் செலவும் இதில் சேரும். உயர்ந்த கோபுரத்தில் அந்தச் சாரக்கூலி கலசத்தின் விலையைத் தாண்டிவிடும்.

கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் துறை அனுமதி இல்லாமல் எதையும் மாற்ற முடியாது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயிலில் பொருளை முடிவு செய்யும் உரிமை குழுவிடம் இல்லவே இல்லை. இந்த இரண்டையும் முன்கூட்டியே விசாரித்துவிட்டு அப்புறம் கலசக் கடைக்குப் போவது நல்லது.

செம்பு

பெரும்பாலான கோயில்களுக்கு இதுவே போதும் என்பதுதான் என் முடிவு. செம்பு இளகிய உலோகம், கொட்டக் கொட்டப் படியும். தாமரைப் பீடம், குடம், கழுத்து, மேல் தட்டு, மொட்டு என்று கலசத்தின் எல்லா வளைவுகளையும் தகட்டிலேயே எடுக்க முடியும். மழைபட்டால் மேலே ஒரு படலம் உருவாகும். முதலில் பழுப்பு, பிறகு கரும்பழுப்பு, ஈரமும் உப்பும் அதிகமுள்ள இடத்தில் பச்சை. பார்க்க மங்கலாகத் தெரிந்தாலும் அந்தப் படலம்தான் அடியிலுள்ள உலோகத்தை மேற்கொண்டு அரிக்கவிடாமல் காக்கிறது. “கறுத்துப் போச்சே” என்று வருத்தப்பட ஒன்றுமில்லை.

செம்பில் ஏமாறும் இடம் தடிமன்தான். ‘மூன்றடி செம்புக் கலசம்’ என்று மட்டும் ரசீதில் எழுதியிருந்தால் அது முழுமையான கணக்கல்ல. மூன்றடிக் கலசத்தின் வெளிப்பரப்பு, வளைவுகளையும் சேர்த்து, ஏறக்குறைய 1 சதுர மீட்டர் வரும். செம்பின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் அந்த ஒரு சதுர மீட்டருக்கு எடை இப்படி வரவேண்டும்:

| தகட்டு கேஜ் | தடிமன் (மி.மீ.) | 1 சதுர மீட்டர் எடை (கிலோ) |
|---|---|---|
| 16 | 1.63 | 14.5 |
| 18 | 1.22 | 10.9 |
| 20 | 0.91 | 8.2 |
| 22 | 0.71 | 6.4 |
| 24 | 0.56 | 5.0 |

கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலிகிறது என்பதைக் கவனியுங்கள். 24 கேஜ் கலசமும் 18 கேஜ் கலசமும் கடை மேசையில் ஒரே மாதிரிதான் இருக்கும். தராசில் வைத்தால் ஒன்று மற்றதில் பாதிகூட இருக்காது. மெல்லிய தகட்டில் செய்தது குரங்கு தொங்கினாலே நசுங்கும். இப்போது பல பட்டறைகளில் அச்சில் வைத்துச் சுழற்றி அழுத்தித்தான் குடத்தை உருவாக்குகிறார்கள். வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் அழுத்தும்போது வயிற்றுப் பகுதியில் தகடு இன்னும் மெலியும். அதனால் மூன்றடிக்கு 20 கேஜுக்குக் குறைந்து ஒப்புக்கொள்ளாதீர்கள், முடிந்தால் 18 கேளுங்கள். உள்ளே நிரப்பும் தானியமும் தண்டும் இல்லாமல் வெறும் கலசத்தை உங்கள் கண் முன்னே எடைபோட்டு, அந்த எடையை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மூட்டுகளையும் பாருங்கள். கலசம் ஒரே துண்டில் வருவதில்லை, நான்கைந்து துண்டாகச் செய்து அடுக்குவார்கள். மேல் துண்டின் விளிம்பு கீழ்த் துண்டின் மேல் குல்லா மாதிரி கவிழ்ந்து உட்கார வேண்டும். மாற்றிச் செருகியிருந்தால் வழிகிற மழைநீர் ஒவ்வொரு மூட்டிலும் உள்ளே போகும். உள்ளே இருக்கும் வரகும் நெல்லும் ஊறிப் புளித்தால் அந்தப் புளிப்பு செம்பை உள்ளிருந்தே தின்னும். கடையிலேயே ஒரு செம்புத் தண்ணீரை மொட்டின் மேல் ஊற்றி, உள்ளே கையை விட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

செம்பின் மறைமுகச் செலவு ஒன்று உண்டு. செம்பின் மேல் ஓடிவரும் மழைநீர் தொட்ட இடத்தில் பச்சைக் கறை விடும். வெள்ளைச் சுதையோ வெளிர் வண்ணமோ பூசிய சிகரத்தில் சில ஆண்டுகளில் பச்சைக் கோடுகள் இறங்கும். தாமரைப் பீடத்தின் விளிம்பைச் சற்று வெளியே நீட்டிக் கீழ்நோக்கி மடித்துவிட்டால் நீர் சொட்டிப் போய்விடும், சுவரில் வழியாது.

பளபளப்பு போகாமலிருக்கச் செம்பின் மேல் லாக்கர் அடித்துத் தருவதாகச் சொல்வார்கள். வேண்டாம். நம் ஊர் வெயிலில் அது திட்டுத் திட்டாக உரியும். உரிந்த இடம் கறுத்தும் உரியாத இடம் மின்னியும் தெரிவதைவிடச் சீராகக் கறுத்த செம்பு எவ்வளவோ மேல்.

செம்பின் மேல் பொன்முலாம்

இதற்கு நம்மிடம் ஆயிரமாண்டு முன்மாதிரி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் விமான உச்சிக்குக் கொடுத்த செப்புக் குடத்தைப் பற்றிக் கல்வெட்டு சொல்கிறது. குடத்தின் நிறை 3083 பலம். அதன் மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு (பலமும் கழஞ்சும் அக்கால எடை அளவுகள்). எத்தனை பெரிய பேரரசன், ஆனாலும் ‘தங்கக் கலசம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளவில்லை. செம்பு எவ்வளவு, பொன் எவ்வளவு என்று தனித்தனியாக நிறுத்துக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். இன்றைய திருப்பணிக் குழுக்கள் பின்பற்ற வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

ஏனென்றால் ‘தங்கமுலாம்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. மின்பகுப்பு முறையில் பூசுவது ஒன்று. பொன் இதழ்களை ஒட்டுவது இரண்டாவது. பொன் தகட்டையே மேலே வேய்வது மூன்றாவது. தங்கத்தின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் 1 சதுர மீட்டரில் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்குப் பூச 19.3 கிராம் தங்கம் வேண்டும், அதாவது ஏறக்குறைய இரண்டரை சவரன். நம் மூன்றடிக் கலசத்துக்கு 5 மைக்ரான் பூசினால் 96 கிராம் ஆகும். வெறும் நிறத்துக்காக 0.1 மைக்ரான் பூசினால் 2 கிராமில் முடிந்துவிடும். முதல் நாள் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். தகடு வேய்ந்தால் கதையே வேறு; பத்தில் ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கே 1.9 கிலோ தங்கம் தேவைப்படும். பெரிய கோயில்களைத் தவிர மற்றவர்கள் நினைத்துப் பார்க்க முடியாத அளவு அது.

எனவே முலாம் போட முடிவெடுத்தால் கேட்க வேண்டிய கேள்வி, “எத்தனை மைக்ரான்?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். பூச்சின் கனத்தைச் சேதமில்லாமல் எக்ஸ்ரே கருவியில் அளந்து பார்க்க வசதி இருக்கிறது. குடத்தின் வயிறு, கழுத்தின் உட்குழிவு, மொட்டின் நுனி என்று மூன்று இடத்திலாவது அளக்கச் சொல்லுங்கள். மின்பூச்சில் துருத்தி நிற்கும் இடத்தில் தங்கம் அதிகமாகவும் குழிவில் குறைவாகவும் படியும். மழைநீர் தேங்குவதும் அந்தக் குழிவில்தான்.

பூச்சு மெல்லியதாக இருந்தால் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அவற்றின் வழியே ஈரம் செம்பைத் தொட, புள்ளி புள்ளியாகப் பச்சை வெளியே வரும். தங்கம் கறுக்காது என்பது உண்மைதான், ஆனால் துளைக்கு அடியிலுள்ள செம்பு பச்சை பூக்கத்தான் செய்யும். செம்பு அணுக்களும் மெதுவாகத் தங்கத்துக்குள் ஊடுருவி நிறத்தை மாற்றும். இதைத் தடுக்க நடுவில் நிக்கல் படலம் கொடுப்பார்கள். அதைப் பற்றியும் ஸ்தபதியிடம் முன்பே பேசிவிடுங்கள், சிலர் கலசத்தில் நிக்கல் வேண்டாம் என்பார்கள். பாதரசத்தில் கலந்து சூடாக்கிப் பூசும் பழைய முறையை யாராவது இன்றைக்கும் செய்து தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தப் பாதரச ஆவி வேலை செய்கிறவரின் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒருவர் உடல்நலத்தை அழித்துப் பெறும் பொன்நிறம் எந்தக் கோயிலுக்கும் வேண்டாம்.

அப்புறம் திருட்டு. முலாம் போட்ட கலசத்துக்கு இரண்டு வகைத் திருடர்கள் வருகிறார்கள். தங்கத்துக்காக வருகிறவர்கள் ஒரு வகை. மற்றவர்கள் ‘ரைஸ் புல்லிங்’ மோசடிக்காக வருகிறார்கள். இடி விழுந்த பழைய கலசம் இரிடியமாக மாறிவிடும், அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலை போகும் என்பது அந்த மோசடிக் கதை. செம்பின் அணு எண் 29, இரிடியத்துக்கு 77. மின்னல் அடித்து ஒன்று மற்றொன்றாக மாற வழியே இல்லை. ஆனாலும் இந்தக் கதையை நம்பிக் கோயில்களில் கலசங்கள் களவு போய்க்கொண்டே இருக்கின்றன. ஆள் ஏணி வைத்து ஏறக்கூடிய உயரத்தில், இரவில் காவல் இல்லாத கோயிலில், முலாம் கலசம் வைப்பது விருந்து வைத்து அழைப்பதற்குச் சமம்.

அப்படியானால் முலாம் யாருக்கு? ஏற்கெனவே பொன் வேய்ந்த மரபுள்ள கோயில். தில்லைப் பொன்னம்பலத்தின் உச்சியில் 9 கலசங்கள் வேறெந்த நிறத்திலும் இருக்க முடியாது. இரவு பகல் காவலும் கேமராவும் இருக்கும் கோயில். பிராகாரத்தில் நின்றாலே கலசம் கண்ணுக்கு நெருக்கமாகத் தெரியும் தாழ்ந்த விமானம். இந்த மூன்றில் முதல் இரண்டும் பொருந்தினால் தயங்க வேண்டாம். மூன்றாவது மட்டும் பொருந்தினால் காவலை உறுதி செய்துவிட்டுப் போடுங்கள். ஆனால் நூறடிக்கு மேலிருக்கும் கோபுரத்தில் மெல்லிய முலாம் பூசுவதைவிட, அதே பணத்தைத் தகட்டின் தடிமனில் போடுவதே மேல் என்று உபயதாரருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவர் கொடுப்பது கோயிலுக்காக. விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்.

பித்தளை

விலை குறைவு, புதிதில் தங்கம் போலவே மின்னும். பித்தளையைத் தேர்ந்தெடுக்க மக்கள் சொல்லும் காரணங்கள் இந்த இரண்டும்தான். வீட்டுக் குத்துவிளக்கு மின்னுவது வாராவாரம் புளி போட்டுத் தேய்ப்பதால். கோபுரத்தில் யார் ஏறித் தேய்ப்பது? சில மாதத்திலேயே மங்கிவிடும், அந்த மங்கலும் செம்பைப் போலச் சீராக வராது.

அதைவிடப் பெரிய கவலை விரிசல். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அதைக் குளிர்ந்த நிலையில் கொட்டியோ சுழற்றி அழுத்தியோ வளைக்கும்போது உள்ளே ஒரு இறுக்கம் தங்கிவிடும். அந்த நிலையில் அம்மோனியா பட்டால் திடீரென்று வெடிப்பு விடும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே பிளந்துபோயின. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்பது பிறகு தெரியவந்தது. கோபுரத்தில் குதிரை இல்லை, புறாவும் வௌவாலும் இருக்கின்றன. அவற்றின் எச்சம் ஈரத்தில் ஊறினால் வருவதும் அம்மோனியாதான்.

பித்தளைதான் என்று முடிவானால், வடிவம் கொடுத்த பிறகு கலசத்தைச் சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்திக் கொடுக்கச் சொல்லுங்கள். கையெட்டும் உயரத்திலுள்ள சிறு சன்னிதிக்கும், உற்சவத்தில் எடுத்துக் கழுவி மினுக்கும் சப்பரத்துக்கும் தேருக்கும் பித்தளை நன்றாகவே பொருந்தும். உயர்ந்த கோபுரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தங்க நிற ஸ்டீல்

துருப்பிடிக்காத எஃகின் மேல் டைட்டானியம் நைட்ரைடு என்ற படலத்தை வெற்றிட அறையில் படியவைக்கிறார்கள். அதன் நிறம் பொன்தான், தங்கம் ஒரு துளியும் கிடையாது. நல்ல கடினம், கறுக்காது, திருடனுக்கும் பயனில்லை. மாஸ்கோவின் பெரிய தேவாலயமான மீட்பர் கிறிஸ்து பேராலயத்தின் குவிமாடங்களிலேயே இந்தப் படலம் இருக்கிறது.

ஆனால் மூன்று சிக்கல். எஃகும் இரும்பின் வகைதான் என்பதால் பல ஸ்தபதிகள் கருவறைக்கு மேல் அதை ஏற்பதில்லை. அவர் மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது மரியாதை. இரண்டாவது, கடலோரத்தில் 304 ரக எஃகில் பழுப்புக் கறையும் ஊசிக்குழிகளும் விழும். அங்கே 316 வேண்டும், விலையும் ஏறும். மூன்றாவது, கீறல் விழுந்தால் கோபுரத்திலேயே சரிசெய்ய வழியில்லை. முழுத் துண்டையும் கழற்றி மறுபடி அந்த வெற்றிட அறைக்குத்தான் அனுப்ப வேண்டும். மண்டப முகப்பு, நுழைவு வளைவு போன்ற ஆகம விதிகள் இறுக்காத இடங்களில் இதை யோசிக்கலாம்.

கல்லும் சுதையும்

உலோகம் இல்லாவிட்டால் குறை என்று நினைக்க வேண்டியதில்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் உச்சியில் இருப்பது கல் தூபி. எட்டாம் நூற்றாண்டிலிருந்து வங்கக்கடலின் உப்புக்காற்று அதன் முகத்தில்தான் அடிக்கிறது. எந்தத் தகடும் அந்தக் கணக்கில் நிற்காது.

கல்லின் தடை எடை. மூன்றடி கருங்கல் கலசம் 170 கிலோ அளவுக்கு வரும், அதே அளவு செம்புக் கலசம் 10 கிலோவைச் சுற்றித்தான். முழுக்கக் கல்லால் கட்டிய விமானத்துக்கு இது ஒரு பாரமே அல்ல. செங்கல்லும் சுதையுமாக எழுந்த பழைய சிகரத்தில் ஏற்றுவதற்கு முன் பொறியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லின் அடியில் முளை வெட்டி, சிகரத்தில் அதற்கேற்ற குழி எடுத்துப் பொருத்த வேண்டும். வெறும் சிமெண்டுச் சாந்தில் ஒட்டி நிறுத்துவது ஆபத்து. உள்ளே தானியம் நிரப்ப இடம் இருக்காது என்பதையும் ஊரில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

சுதைக் கலசம் கிராமத்து அம்மன் கோயிலுக்கும் ஐயனார் கோயிலுக்கும் பழகியது. செலவு மிகக் குறைவு, திருட ஒன்றுமில்லை, சிகரத்தோடு சேர்த்தே எடுத்துவிடலாம். சுண்ணாம்பில் செய்தால் நன்றாக உழைக்கும். சிமெண்டில் இரும்புக் கம்பி வைத்துச் செய்தால் கம்பி துருவேறிப் பருத்து, சில மழைக்குப் பிறகு கலசத்தைப் பிளந்துவிடும். கம்பி வைத்தே ஆக வேண்டுமென்றால் செம்புக் கம்பி வையுங்கள். 15 அடி உயரக் கோயில், இரவில் ஆள் கிடையாது, நிதியும் கொஞ்சம் என்றால் எனக்குச் சுதைதான் சரியாகப் படுகிறது.

எதை வாங்கினாலும் உடன் வரும் செலவுகள்

கலசத்தை நிறுத்திப் பிடிப்பது நடுவிலுள்ள தண்டு, மரபில் ஸ்தூபித்தறி. விலைப்பட்டியலில் அது பெரும்பாலும் ஒரு வரியாகக்கூட இருக்காது. பட்டறையில் கிடைக்கும் இரும்புக் குழாயைச் செருகிக் கொடுத்துவிடுவார்கள். இரும்பும் செம்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அங்கே சிறிய மின்கலம் உருவாகி, இரும்பு வழக்கத்தைவிட வேகமாக அரிக்கப்படும். கலசம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதையும், பீடத்தின் அடியிலிருந்து சிவந்த துருநீர் சுதையில் இறங்கியிருப்பதையும் பல கோபுரங்களில் பார்க்கலாம். உள்ளே தண்டு போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ‘செம்பின் ஸ்தூபித்தறி’ என்றே சொல்கிறது. அன்றைக்கே குடமும் செம்பு, தறியும் செம்பு. இன்றைக்கும் செம்புத் தண்டு நல்லது, அல்லது 316 ரக எஃகு. கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். தண்டில் காந்தம் பலமாக ஒட்டினால் மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது இடிதாங்கி. ‘கலசமே இடிதாங்கி, உள்ளே இருக்கும் வரகு மின்னலை ஈர்த்துக்கொள்ளும்’ என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஊரில் உயரமான இடத்தில் நிற்கும் உலோகம் என்பதால் மின்னல் கலசத்தில் விழ வாய்ப்பு அதிகம் என்பது மட்டும்தான் இதில் உண்மை. விழுந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்கப் பாதை வேண்டும். அந்தப் பாதை இல்லாவிட்டால் அது செங்கல்லும் சுதையும் வழியாகப் பாயும், உள்ளே இருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகிச் சிற்பங்களைச் சிதறடிக்கும். வரகு நிரப்புவது நம் மரபு, அதை மகிழ்ச்சியாகச் செய்வோம். அதோடு எல்லாக் கலசங்களையும் ஒன்றோடொன்று இணைத்து, 25 × 3 மி.மீ. செம்புப் பட்டையைக் கோபுரத்தின் பின்புறமாக இறக்கி, முறையாகப் புவியிணைப்பும் கொடுத்தாக வேண்டும். சிக்கனத்துக்காக அலுமினியப் பட்டை போட்டால், செம்பிலிருந்து வழியும் நீர் அதைத் தின்றுவிடும். செலவில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள், கோபுரத்தின் அடியில் மக்கள் நிற்கிறார்கள்.

தானியத்தை நன்றாகக் காயவைத்து, குடமுழுக்குக்கு முந்திய வறண்ட நாளில் நிரப்புங்கள். வரகுக்குத் தடித்த உமி இருப்பதால் நீண்ட நாள் தாங்கும். கலசத்தை உள்பக்கத் திருகாணியால் தண்டோடு பிணைத்துவிட்டால் வெளியிலிருந்து கழற்றுவது கடினம்.

பழைய கலசத்தையே வைத்துக்கொள்வது

இதைத் தனித் தேர்வாக யாரும் முன்வைப்பதில்லை, ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். புதுக் கலசத்துக்கு விலை கேட்பதற்கு முன்பே, இப்போது உச்சியில் இருப்பதை இறக்கிக் கழுவி எடைபோடுங்கள். கையால் கொட்டிச் செய்த பழைய செம்பு, இன்று கடையில் கிடைப்பதைவிடத் தடிமனாகவே பெரும்பாலும் இருக்கும். மேலே கறுத்தும் பச்சையாகவும் இருப்பது பழுதல்ல. நசுங்கிய இடத்தை உள்ளிருந்து தட்டி எடுக்கலாம். விட்டுப்போன மூட்டைப் பற்றவைக்கலாம். துருத் தண்டை மாற்றலாம். இந்த மூன்றும் சேர்ந்தாலும் புதிதின் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். தஞ்சையிலும் 2020 பிப்ரவரி 5 குடமுழுக்குக்கு முன் 216 அடி விமானத்தின் கலசத்தைக் கீழே இறக்கி, முலாமைப் புதுப்பித்து, அதையேதான் மறுபடி ஏற்றினார்கள்.

தகடு கிழிந்து ஓட்டை விழுந்திருந்தால், அல்லது விரலால் அழுத்தினாலே உள்வாங்கும் அளவுக்கு மெலிந்திருந்தால் புதியது வேண்டும். ஒரு வரிசையில் இரண்டு மட்டும் போயிருந்தால் அந்த இரண்டை மட்டும், மற்றவற்றின் அளவிலும் தடிமனிலும் செய்து வாங்குங்கள். இரண்டு மூன்று ஆண்டில் நிறம் ஒன்றாகிவிடும்.

இறக்கிய கலசத்தின் உட்புறத்தையும் அடிவிளிம்பையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கொடுத்தவர் பெயர், ஆண்டு, எடை என்று ஏதாவது வெட்டியிருக்கலாம். பட்டறைக்கு அனுப்புமுன் அதைப் படமெடுத்து, தேய்த்து அழித்துவிடக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். மாற்றியே ஆக வேண்டிய பழைய கலசமும் கோயில் சொத்து. அதைப் புதிய கலசத்தின் விலையில் ‘பழசுக்குக் கழிவு’ என்று கழித்துக்கொள்ளச் சொல்லி யாராவது கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எடைபோட்டு, படமெடுத்து, சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, கோயில் அறையிலேயே பூட்டி வையுங்கள். புதிய கலசத்துக்கும் கேஜ், எடை, முலாம் இருந்தால் மைக்ரான், தண்டின் உலோகம் எல்லாவற்றையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். அடுத்த குடமுழுக்குக்கு வருகிற குழு முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.